சிவிங்கிப்புலியின் சாணத்தில் ஹார்மோனை ஏன் அளக்கிறார்கள்?

ஹார்மோன் என்பது உடல் தனக்குத்தானே ரத்தத்தில் அனுப்பும் ரசாயனச் செய்தி. பெண் விலங்கு இணையத் தயாரா, கருவுற்றிருக்கிறதா, பதற்றத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும்.

சரி, ரத்தத்தையே சோதிக்கலாமே? அதற்கு விலங்கைப் பிடித்து மயக்க மருந்து கொடுக்க வேண்டும். அந்தப் பயமே ஹார்மோன் அளவை மாற்றிவிடும். பூனை இனத்தில் இந்த ஹார்மோன்களின் மிச்சம் பெரும்பாலும் சாணத்தில்தான் வெளியேறுகிறது. சமையலறைக்குள் போகாமல், குப்பைக்கூடையில் கிடக்கும் தோலையும் காம்பையும் பார்த்தே நேற்றைய சமையலைச் சொல்வது போலத்தான் இது. எந்தச் சாணம் யாருடையது என்று குழம்பாமலிருக்க, தீனியில் வண்ணம் கலந்து கொடுப்பதும் உண்டு.

சிவிங்கிப்புலி விஷயத்தில் இதனால் கிடைத்த பலன் பெரிது. காட்டில் தனியே வாழும் பெண் சிவிங்கிப்புலிகளை ஒரே கூண்டில் இரண்டிரண்டாக அடைத்தால், ஒத்துப்போகாதவற்றின் சூலகச் சுழற்சியே, அதாவது கருமுட்டை உருவாகும் சுழற்சியே, நின்றுபோகலாம். பிரித்து வைத்தால் திரும்பவும் தொடங்கும். வெளியே பார்த்தால் இது தெரியவே தெரியாது. 2020இல் அமெரிக்காவின் கொலம்பஸ் விலங்குக்காட்சிசாலையில் சோதனைக்குழாய் முறையில் உருவான முதல் சிவிங்கிப்புலிக் குட்டிகள் பிறந்ததற்குப் பின்னாலும் இப்படிப்பட்ட பல ஆண்டு ஆய்வுகள் இருக்கின்றன.

அப்புறம், கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் கூடினாலே கர்ப்பம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: கரு இல்லாமலே உடல் கர்ப்பம் போல நடந்துகொள்ளும் பொய்க்கர்ப்பத்திலும் அது கூடும், ஆனால் இரண்டு மாதத்துக்குள் இறங்கிவிடும், உண்மையான கர்ப்பத்தில் ஏறத்தாழ மூன்று மாதம் நிற்கும்.