22-க்கு அப்புறம் 25 இருக்கிறது

கேள்வி: நான் வேண்டாம் என்று சொல்லியும் என் மனைவி, உடம்பு சரியில்லாத தன் தாயாரைப் பார்க்க மார்த்தாண்டம் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து குடும்ப ஜெபத்தில், ‘மனைவிகளே, உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்’ என்கிற எபேசியர் 5:22-ஐத்தான் வாசிக்கிறேன். அவளிடம் ஒரு மாற்றமும் இல்லை. கீழ்ப்படிதலை அவளுக்கு எப்படிப் போதிப்பது? (ஒரு சகோதரர், சென்னை)

பதில்: போதிக்க வேண்டாம் சகோதரரே. அந்த வேலையை யாரும் உங்களுக்குக் கொடுக்கவில்லை. பவுல் அந்த வசனத்தில் மனைவிகளைக் கூப்பிட்டு, நேரே அவர்களிடம்தான் பேசுகிறார். ‘புருஷர்களே, உங்கள் மனைவிகளைக் கீழ்ப்படியப் பண்ணுங்கள்’ என்று அந்த அதிகாரம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. உங்களுக்கு எழுதியது 25-இல் ஆரம்பிக்கிறது. கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல மனைவியிடம் அன்புகூரச் சொல்லும் அந்தப் பகுதி, மனைவிகளுக்குச் சொன்ன மூன்று வசனங்களைவிட நீளமானது. குடும்ப ஜெபத்தில் அதுவரைக்கும் ஏன் போகவில்லை? (உங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் கல்யாண ஆராதனைகளில் பெண்ணுக்கு அரை மணி நேரம் புத்தி சொல்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு ஜோக்கோடு முடித்துவிடுகிறார்கள்.)

‘புருஷன் தலை’ என்று 23-ஐ எடுத்துக்கொண்டு வருவீர்கள். சரி, தலைதான். எந்தத் தலையைப் போல என்பதும் அதே வசனத்தில் இருக்கிறதே: கிறிஸ்து சபைக்குத் தலையாயிருக்கிறதுபோல! அந்தத் தலை பந்தியை விட்டு எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, சீஷர்களின் கால்களைக் கழுவியது. அதை யோவான் 13-இல் பார்க்கலாம். நாலாம் நூற்றாண்டில் சபைப் பிதா யோவான் கிறிசோஸ்தோம் இதே பகுதியைப் பிரசங்கித்தபோது, வேலைக்காரனை வேண்டுமானால் பயமுறுத்திக் கட்டிவைக்கலாம், வாழ்க்கைத் துணையை அன்பால்தான் கட்ட முடியும் என்றார். வேலைக்காரன்கூட ஒருநாள் ஓடிப்போவான் என்றும் சேர்த்துக்கொண்டார்.

‘அவளுக்காக உயிரையே கொடுப்பேன்’ என்று சொல்வது சுலபம். உங்களிடம் உங்கள் மனைவி உயிரைக் கேட்கவில்லை. பெற்ற தாயைப் பார்த்துக்கொள்ளப் பத்து நாள் கேட்டார். அந்தப் பத்து நாளும் நீங்களே சோறு வடித்து, பாத்திரம் கழுவி, துணி துவைத்திருந்தால், 25-ஆம் வசனத்தில் கால் வைத்திருப்பீர்கள். தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொன்ன கட்டளை, கல்யாணமானதும் பெண்களுக்குக் காலாவதி ஆகிவிடுவதில்லை. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’ (தேவனுக்குக் கொடுத்த காணிக்கை) என்று பக்தியின் பேரில் தட்டிக்கழித்தவர்களை இயேசு எப்படிக் கண்டித்தார் என்று மாற்கு 7-இல் வாசியுங்கள்.

இன்னொன்று. புருஷன் மனைவிக்குச் செய்ய வேண்டிய கனத்தைச் செய்யாவிட்டால் அவன் ஜெபங்களுக்கே தடை வரும் என்று 1 பேதுரு 3:7 எச்சரிக்கிறது. வீட்டு ஜெபத்தையே மனைவியை அடிக்கும் பிரம்பாக்கிவிட்டு, மாற்றம் இல்லையே என்கிறீர்கள்! இதை எழுதிய பேதுருவும் கல்யாணமானவர்தான். அவருடைய மாமியார் ஜுரமாய்ப் படுத்திருந்தது கப்பர்நகூமில், பேதுருவின் வீட்டிலேயே. இயேசு அங்கே போய், அந்த அம்மாளின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

உங்கள் மாமியாருக்கு இப்போது எப்படி இருக்கிறது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்று ராத்திரி மனைவியிடம் கேளுங்கள். அடுத்த தடவை மார்த்தாண்டத்துக்கு இரண்டு டிக்கெட்டாகப் போடுங்கள்.