தெலுக் பாத்தேக், பங்கோர் போகிறவர்களுக்கு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பள்ளி விடுமுறை நெருங்கியதும் ஆயர் தாவார், சித்தியவான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்துக் கடலுக்குப் போகிற பேச்சு தொடங்கிவிடும். தண்ணீர், கரை, படகு, சாப்பாடு பற்றிக் கேளுங்கள். எந்த அறை மலிவு, எந்தக் கடையில் மீன் ருசி என்பதற்கு நான் ஆளில்லை.

ஆயர் தாவார்: கோயில் கமிட்டியிலேருந்து 44 பேர் ஒரு நாள் தெலுக் பாத்தேக் போறோம். காலையில 10 மணிக்குக் கிளம்பினா போதுமாண்ணே?

கிளம்புகிற நேரத்தைக் கடிகாரம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதலில் பக்கத்துத் துறையான லூமுட்டுக்கான ஏற்றவற்ற அட்டவணையைப் பாருங்கள். இங்கே ஒரு நாளில் இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை இறங்கும். ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த வற்றத்துக்கு ஆறு மணி நேரமும் கொஞ்சமும். இந்த ஆறு மணியிலும் தண்ணீர் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. மொத்த வித்தியாசத்தைப் 12 பங்காக வைத்தால், முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3, நான்காவதில் 3, பிறகு 2, கடைசியில் 1.

இதைப் பாயில் வைத்துப் பாருங்கள். அன்றைய வித்தியாசம் 2.4 மீட்டர் என்றால் ஒரு பங்கு 20 சென்டிமீட்டர். மூன்றாவது மணியில் மட்டும் 60 சென்டிமீட்டர் ஏறிவிடும். 30 அடிக்கு ஓர் அடி சரிகிற மணலில் அந்த 60 சென்டிமீட்டர் உயரம் கரையில் 18 மீட்டர். தண்ணீருக்குப் பத்து மீட்டர் தள்ளித்தான் பாய் போட்டோம் என்று நினைத்திருப்பீர்கள். ஒரு மணி நேரத்தில் சோற்றுப் பானை நனையும். மணலில் நேற்றைய ஏற்றம் விட்டுப்போன குப்பைக் கோடு தெரியும்: சருகு, சிப்பி, கிளிஞ்சல். பாயை அதற்கும் மேலே போடுங்கள்.

பிள்ளைகளைத் தண்ணீரில் விட நல்ல நேரம் ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரம். ஓட்டம் தளர்ந்திருக்கும், தள்ளினாலும் கரைப் பக்கம்தான் தள்ளும். இறங்கு தண்ணீரின் மூன்றாம், நான்காம் மணியில் மிதவையோடு விடாதீர்கள். காற்று நிரப்பிய வாத்து, டியூப் எதுவும் அந்த நேரத்துக்கு ஆகாது.

பீடோர்: என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

வினிகர். ஒரு லிட்டர் போத்தல், சமையலுக்கு வாங்குகிற வெள்ளை சூக்காவே போதும். லேபிளில் புளிப்பு 4 முதல் 6 விழுக்காடு என்று இருக்கிறதா பாருங்கள்.

மலாக்கா நீரிணையில் பெட்டி ஜெல்லி மீன் உண்டு. உடம்பு கண்ணாடி மாதிரி, தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. தொட்ட இடத்தில் சாட்டையால் அடித்த மாதிரிக் கோடு விழும். ஆளைக் கரைக்கு ஏற்றி, காயத்தின் மேல் வினிகரைக் குறைந்தது 30 விநாடி நிற்காமல் ஊற்றுங்கள். வினிகர் வலியைக் குறைக்காது. தோலில் ஒட்டியிருக்கிற, இன்னும் வெடிக்காத கொட்டும் செல்கள் வெடிக்காமல் தடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. பிறகு ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுக்கலாம். நல்ல தண்ணீர் ஊற்றுவது, மணலால் தேய்ப்பது, துண்டால் துடைப்பது மூன்றுமே அந்தச் செல்களை வெடிக்க வைக்கும். சிறுநீர் வைத்தியத்தை மறந்துவிடுங்கள். மூச்சு வாங்கினால், மயக்கம் வந்தால், கோடு நீளமாக இருந்தால் 999. மூச்சு நின்றால் வண்டி வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு முழுக்கை, கணுக்கால் வரை ஒட்டிய உடுப்பு. அந்த மெல்லிய துணியே பாதிப் பாதுகாப்பு.

ஈப்போ: பங்கோர் ஃபெரி டிக்கெட் எவ்வளவு?

படகுத்துறைப் பலகையில் எழுதியிருக்கும். நான் இன்று சொல்லும் விலை நீங்கள் போகும் நாளில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

தெலுக் இந்தான்: மாசி மகத்துக்கு பங்கோர் ஸ்ரீ பத்திரகாளியம்மன் கோயிலுக்கு முதல் தடவை போறோம். எங்கே இறங்கணும்?

சுங்கை பினாங் கெச்சில். லூமுட்டிலிருந்து போகிற ஃபெரி முதலில் அங்கேதான் நிற்கும், அடுத்துத்தான் பங்கோர் பட்டணம். கூட்டம் இறங்குவதைப் பார்த்து இறங்குங்கள். தூங்கிவிட்டால் பட்டணத்திலிருந்து அந்த ரோஸ் நிற வேன் எடுத்துத் திரும்ப வேண்டியிருக்கும்.

ஒரு விஷயம். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும், அதுவும் பிப்ரவரி அல்லது மார்ச்சில். இரவும் பகலும் சமமாகும் காலத்தை நெருங்குகிற பௌர்ணமியில் ஏற்றவற்றம் ஆண்டிலேயே பெரியவற்றுள் ஒன்று. கடலில் நின்று கும்பிடுகிறவர்கள் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்புக்கு மேல் இறங்க வேண்டாம்.

ஆயர் தாவார் (மறுபடி): அட்டவணை எதுக்குண்ணே? எங்க தாத்தா காலத்துலேருந்து பஞ்சாங்கம்தான். அமாவாசை, பௌர்ணமியில கடல் பொங்கும், போகக்கூடாது. அஷ்டமியில அமைதியா இருக்கும். சந்திரன் உச்சிக்கு வந்தா தண்ணி நிறையும்.

மூன்று சொன்னீர்கள், இரண்டு சரி. அமாவாசை, பௌர்ணமியில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஏற்றம் அதிகம் ஏறும், வற்றம் அதிகம் வற்றும். அஷ்டமி பக்கம் இரண்டும் குறுக்காக இழுக்கின்றன, வித்தியாசம் சுருங்கும். மலாய்க்காரர்கள் அதை ‘ஆயர் மாத்தி’, செத்த தண்ணீர் என்பார்கள். ஆனால் உச்சம் பௌர்ணமி அன்றே வராது. ஒன்றிரண்டு நாள் கழித்து, பிரதமை, துவிதியையில்தான் வரும். பௌர்ணமியைத் தவிர்த்துவிட்டு மறுநாள் போகிறவர்கள் பெரிய தண்ணீரில்தான் போய் இறங்குகிறார்கள்.

சந்திரன் உச்சிக் கணக்குத்தான் தப்பு. சந்திரன் உச்சிக்கு வருவதற்கும் தண்ணீர் நிறைவதற்கும் நடுவில் ஒவ்வொரு துறைக்கும் தனி இடைவெளி உண்டு. நீரிணையின் ஆழமும் அகலமும் கரையின் வளைவும் அதைத் தீர்மானிக்கின்றன. பினாங்கின் மணி கிள்ளானுக்கு ஆகாது.

சித்தியவான்: 2 நாழிகை, 3 நாழிகைன்னு இன்னும் கணக்குப் போடற காலமா இது? கைப்பேசியில தட்டினா வருது.

நாழிகை என்றீர்களே, அதையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரே கரையில் எந்தப் பௌர்ணமிக்கும் எந்த அமாவாசைக்கும் ஏற்றம் ஏறத்தாழ ஒரே மணிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு ஒரு திதிக்கு 2 நாழிகை, அதாவது 48 நிமிடம் தள்ளும். 15 திதிக்கு 30 நாழிகை, 12 மணி நேரம். பௌர்ணமியில் ஏற்றம் 6 மணிக்கு என்றால் சதுர்த்தியில் நான்கு முறை 48 கூட்டி 9.12. இதற்குக் கைப்பேசியும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். ஆயர் தாவார்க்காரரின் தாத்தா இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார். அஷ்டமி பக்கம் இந்தக் கணக்கு அரை மணி, ஒரு மணி தப்பும், சராசரிக்குச் சரி.

கைப்பேசி தாராளமாகப் பார்க்கலாம். எந்தத் துறையின் கணக்கைக் காட்டுகிறது என்று மட்டும் பாருங்கள். உங்கள் இருப்பிடத்தை வைத்துப் பினாங்கையோ கிள்ளானையோ எடுத்துக்கொள்ளும். லூமுட் என்று நீங்களே தட்டுங்கள்.

பந்தாய் ரெமிஸ்: எங்கப்பா சம்பான்ல வலை போட்டவர். திதியும் வேணும், காத்தும் வேணும்னு சொல்வார். திதி மட்டும் பார்த்தா படகு கவிழும்னு.

அவர் சொன்னதுதான் முழுசு. ஏற்றவற்றம் கணக்கில் வரும், காற்று வராது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடியலுக்கு முன்னோ காலையிலோ திடீர்ப் புயல்காற்று வரும். மேற்கே கறுப்பாக ஒரு வளைவு மேகம் எழுந்தால் பத்து இருபது நிமிடத்தில் அடிக்கும். அன்று அஷ்டமியா நவமியா என்று அது கேட்காது.

ஆயர் தாவார் (மூன்றாம் முறை): அப்போ பஞ்சாங்கம் சரின்னு ஒத்துக்கறீங்களா இல்லையா?

பெயரிலேயே நல்ல தண்ணீர் வைத்திருக்கிற ஊர் உப்புத் தண்ணீருக்காக இப்படிச் சண்டை போடுகிறது! திதி சரி, மணி தப்பு. அடுத்தவர்.

சுங்கை சிப்புட்: கியாம் தீவுல பவளம் பார்க்கணும். முகமூடி போட்டா எல்லாம் மங்கலா தெரியுதுன்னு சொல்றாங்க.

நீரிணைத் தண்ணீர் கிழக்குக் கரை மாதிரித் தெளிவாக இருக்காது. பெரிய தண்ணீர் நாட்களில் ஓட்டம் அடிச்சேற்றைக் கிளப்பிவிடும். அஷ்டமி ஒட்டிய நாட்களில், ஏற்றம் நிறைந்து நிற்கிற நேரத்தில் இறங்கினால் வித்தியாசம் தெரியும். முதல் நாள் கனமழை பெய்திருந்தால் காசு மிச்சம் பண்ணுங்கள்.

முகமூடிக் கண்ணாடியின் உள்பக்கம் பிள்ளைகளின் ஷாம்பு ஒரு சொட்டு தேய்த்து லேசாக அலசினால் பனி பிடிக்காது. தண்ணீர் கசிந்தால் பட்டையை இறுக்காதீர்கள். முகத்தில் படிகிற ரப்பர் விளிம்புக்குள் முடி மாட்டியிருக்கும், இல்லை மீசை. பவளத்தின் மேல் நிற்காதீர்கள். நின்றால் அது சாகும், உங்கள் காலும் கிழியும். கடல் முள்ளெலிமேல் மிதித்தால் முள் உள்ளேயே ஒடியும். மிதவைச் சட்டையின் கவட்டுப் பட்டையை மாட்டுங்கள். மாட்டாவிட்டால் சட்டை காதுக்கு ஏறிவிடும், ஆள் கீழே இருப்பார். வினிகர் இந்தப் பயணத்துக்கும் உண்டு, படகில்.

தாப்பா: திருக்கை குத்துமாமே?

மிதித்தால் குத்தும். கலங்கலான ஆழமற்ற மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடந்தால் அது ஓடிவிடும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்குள், வெந்நீரில் காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள். வலி அடங்கும். முள் ஆழமாகப் போயிருந்தால் நீங்கள் பிடுங்க வேண்டாம், ஆஸ்பத்திரி. இதற்கு வெந்நீர், ஜெல்லி மீனுக்கு வினிகர், மாற்றிக் கொள்ளாதீர்கள்.

கோலக்கங்சார்: டச்சுக் கோட்டையிலதானே பங்கோர் ஒப்பந்தம் போட்டாங்க? பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?

இல்லை. தெலுக் கெடோங்கில் இருக்கிற கோட்டையை டச்சுக்காரர்கள் 1670-இல் ஈயம் வைக்கக் கட்டினார்கள், 1743-இல் திரும்பக் கட்டி 1748-இல் கைவிட்டார்கள். ஒப்பந்தம் 1874 ஜனவரி 20-இல், கரைக்கு அப்பால் நின்ற புளூட்டோ என்ற கப்பலில். போகலாம், அரை மணி போதும். பக்கத்துச் செதுக்குப் பாறையையும் காட்டுங்கள்.

பாகான் டத்தோ: காலையில 5 மணிக்குச் சமைச்சு மதியம் சாப்பிட்டா கெட்டுப்போகுமா?

தேங்காய்ப் பால் ஊற்றினதெல்லாம் கெடும். சூடான சோற்றை மூடிக் கட்டினால் எட்டு மணி நேரம் பஸ்சிலும் வெயிலிலும் புளிக்கும். புளிச்சோறு, ரொட்டி, முட்டை, சார்டின் டின் எடுங்கள். இறைச்சி வேண்டுமென்றால் ஐஸ் பெட்டியில், ஐஸ் மேலேயும் கீழேயும். மிச்சத்தைக் குரங்குக்கு நீட்டாதீர்கள். பிளாஸ்டிக் பை சரசரப்பு கேட்டாலே வந்துவிடும். பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்காதீர்கள், விட்டுவிடுங்கள்.

பாரிட்: நெத்திலி கருவாடு வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

வயிறு. வெடித்திருந்தால் பிடித்ததும் வேகவைக்காமல் தாமதித்திருக்கிறார்கள். தலை ஒட்டியிருக்க வேண்டும், மஞ்சள் அடித்திருக்கக்கூடாது, கையில் அள்ளினால் சலசலக்க வேண்டும். வீட்டில் ஃப்ரீசரில் வையுங்கள்.

ஈப்போ (வேறொருவர்): வரி இல்லாத சாமான் எவ்வளவு கொண்டு வரலாம்?

சுங்க இலாகாவைக் கேளுங்கள்.

சிம்பாங் அம்பாட்: அண்ணே, எத்தனை மணிக்குப் போனா நல்லது?

மேலே முதல் பதில்.

கம்போங் கோ: குளிக்க எந்த நேரம்?

அதே பதில்.

ஆயர் தாவார்: சரிண்ணே, அட்டவணை பார்த்துட்டேன். எங்க நாளுக்கு லூமுட்ல ஏற்றம் 11.20, வற்றம் மாலை 5.30. இப்போ சொல்லுங்க.

இப்படிக் கேட்டால் சொல்லலாம். 9 மணிக்குக் கரையில் இருங்கள், வரும் வழியில் பசியாறிவிடுங்கள். 9.30 முதல் 11.45 வரை பிள்ளைகள் தண்ணீரில். பிறகு எல்லாரும் மேலே, சாப்பாடு, நிழல். 1.20 முதல் 3.30 வரைதான் தண்ணீர் வேகமாக இறங்கும். அந்த நேரத்தில் பந்து விளையாடட்டும். 4.30-க்கு மணல் திட்டு வெளியே தெரியும், நண்டும் சிப்பியும் பார்க்கக் கூட்டிப் போங்கள், காலில் செருப்போடு. 5.30-க்குத் தலை எண்ணிவிட்டு ஏறுங்கள். வினிகர் பஸ்சின் அடியில் போடுகிற பெட்டிக்குள் வேண்டாம், யாராவது பெரியவர் கைப்பையில் இருக்கட்டும்.