லாங்ஸ்வோர்ட் ஸ்பாரிங்: நியூட்டன் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

1600 நியூட்டன் முகக்கவசம், 350 நியூட்டன் மேலங்கி, லாக்ராஸ் (வலைக்கோலால் ஆடும் பந்து விளையாட்டு) கையுறை. இவற்றோடு எஃகு லாங்ஸ்வோர்டில் (இரு கையால் பிடிக்கும் நீள வாள்) ஸ்பாரிங், அதாவது எதிராளியோடு பயிற்சி மோதலில், இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். சிக்கல் கையுறையில்தான்.

நியூட்டன் எண் துணி எவ்வளவு குத்து விசையைத் தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. 1982ல் ரோமில் உடைந்த ஃபாயில் (மெல்லிய விளையாட்டு வாள்) முகக்கவசத்தைத் துளைத்து சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ் இறந்தார். விளையாட்டு வாள்வீச்சில் உடைகளும் வாள்களும் கடும் தரத்துக்கு மாறியது அதற்குப் பிறகே. லாங்ஸ்வோர்டிலோ ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எஃகு, இரு கை வேகத்தில் இறங்கும். அந்த அடிக்கு நியூட்டன் எண்ணில் பதில் இல்லை.

லாக்ராஸ் கையுறை விரல் நுனியையும் கட்டைவிரலையும் சரியாக மூடாது. வாளின் கைப்பிடிக்கும் எதிராளி வாளுக்கும் நடுவில் விரல் நசுங்கினால் எலும்பு போய்விடும். கெட்டி ஓடு வைத்த லாங்ஸ்வோர்ட் கையுறைதான் வேண்டும். விலை அதிகம்தான், ஆனால் மற்ற எதையும்விட இதை முதலில் வாங்குங்கள்.

அப்புறம் கழுத்துக்குக் கார்ஜெட் எனும் காப்பு, பின்மண்டைக்குக் காப்பு. மேலங்கி பயிற்சிக்குப் பரவாயில்லை, போட்டியில் சிலர் 800 நியூட்டன் கேட்பார்கள். வாள் நன்றாக வளையும் ஃபெடர்தானா (பயிற்சிக்கான கூரற்ற வாள்), முனை அகன்றோ சுருண்டோ இருக்கிறதா என்றும் பாருங்கள். வளையாத வாளில் குத்து வாங்கினால் விலா எலும்பு தாங்காது.

கையுறை வரும்வரை மெதுவான பயிற்சி மட்டும். நைலான் வாள் என்றாலும் விரல் உடையும்.