புது ரிஃப்ளெக்டர் டெலஸ்கோப்பில் எல்லாமே மங்கலாகத் தெரிகிறது, கண்ணாடி பழுதா?

6 அங்குல டாப்சோனியன் (தரையில் வைத்துக் கையால் திருப்பும் ரிஃப்ளெக்டர்) வாங்கினேன், வியாழன் மாவுருண்டை மாதிரி மங்கலாகத் தெரிகிறது, திருப்பி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பாதீர்கள். நான் கடலூர் தேவனாம்பட்டினத்தில் மொட்டைமாடியிலிருந்து 8 அங்குலத்தில் பார்க்கிறவன், எனக்கும் முதல் வாரம் இதேதான் நடந்தது.

டெலஸ்கோப்பை ஏசி அறையிலா வைத்திருந்தீர்கள்? குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுவதில், வீட்டுச் சூட்டோடு வரும் மிரர் ஆற அரைமணி நேரம் விடுங்கள் என்றுதான் இருக்கும். நம் கடற்கரையில் கதையே வேறு. ஏசியிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதே, அதேதான் மிரரிலும் படியும். அன்றைக்குக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், மிரர் முழுக்க ஊசிமுனை அளவு நீர்த்துளிகள். அவசரப்பட்டுத் துணியால் துடைத்துவிடாதீர்கள், அலுமினியப் பூச்சு கண்ணாடியின் மேல்பக்கத்தில்தான் இருக்கிறது, கீறினால் கீறினதுதான். தானாகக் காயட்டும். நான் இப்போது ஏசி இல்லாத அறையில்தான் வைக்கிறேன், பார்த்து முடித்து உள்ளே கொண்டுவந்ததும் ஃபேன் காற்றில் நன்றாக உலர்ந்த பிறகே மூடி போடுகிறேன், ஈரத்தோடு மூடினால் உப்புக்காற்றில் பூச்சு சீக்கிரம் கெடும்.

அப்புறம் கொலிமேஷன், அதாவது உள்ளே இருக்கும் இரண்டு மிரர்களையும் ஒன்றுக்கொன்று சீராக்குவது. லாரியில் குலுங்கி வந்த குழாயில் மிரர்கள் நேராக இருக்கும் என்று நம்ப முடியாது. ஃபோகசரின் (ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ், மாட்டும் இடம்) பிளாஸ்டிக் மூடியில் நட்டநடுவில் ஒரு சின்னத் துளை போட்டு, ஐபீஸுக்குப் பதில் அதை மாட்டி, அதன் வழியாகப் பாருங்கள். சாய்ந்திருக்கும் சின்ன மிரருக்குள் பெரிய மிரர் முழுசாகத் தெரிய வேண்டும், அதைப் பிடித்திருக்கும் மூன்று கிளிப்புகளும் சேர்த்து. தெரியாவிட்டால் சின்ன மிரரின் மூன்று திருகுகளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். அப்போது குழாயைப் படுக்கவைத்துக்கொள்ளுங்கள், ஆலன் கீ கை தவறினால் நேரே பெரிய மிரர் மேல்தான் விழும். அடுத்து பெரிய மிரரின் பின்பக்கத் திருகுகள்: நீங்கள் போட்ட துளையின் பிம்பம், மிரர் நடுவில் ஒட்டியிருக்கும் வளையத்துக்குள் வந்து உட்காரும்வரை திருப்ப வேண்டும்.

இரவில் உச்சியில் இருக்கும் ஒரு நட்சத்திரத்தை 10 மிமீ ஐபீஸில் பிடித்து, ஃபோகஸைக் கொஞ்சம் கலையுங்கள். வட்டத்துக்குள் வட்டம் ஒரே மையத்தில் இருந்தால் சரி, ஒரு பக்கம் ஒதுங்கினால் பின்திருகை இன்னும் கொஞ்சம். துருவ நட்சத்திரம் நகராது, அதில் பார் என்பார்கள், ஆனால் நமக்கு அது அடிவானத்திலிருந்து சுமார் 12 டிகிரியில்தான், அந்த உயரத்தில் காற்றுக் கலக்கத்தில் வட்டமே பிடிபடாது.

ஃபைண்டரை (குழாய் மேல் இருக்கும் குறிபார்க்கும் சின்னக் கருவி) சூரியன் மறைந்த பிறகு, தூரத்து செல்போன் டவர் உச்சியை வைத்து ஒத்துப்பாருங்கள். பகல் வெளிச்சத்தில் வேண்டாம், தவறிச் சூரியன் பக்கம் திரும்பினால் கண் போய்விடும். படம் தலைகீழாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், இந்த வகையில் அப்படித்தான்.

இவ்வளவும் செய்துவிட்டு, முதலில் 25 மிமீ, பிறகு 10 மிமீ என்று மறுபடி வியாழனைப் பாருங்கள். குறுக்கே இரண்டு பட்டைகள் தெரிந்தால் உங்கள் மிரர் நன்றாகவே இருக்கிறது. தெரியவில்லையா, அந்த நட்சத்திர வட்டங்களை மொபைலில் படமெடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.