அம்மா மாதம் 700 ரூபாய் கொடுத்து எதை வாங்குகிறார்?

கேள்வி: எங்களுக்குக் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். பி.காம். முடித்துவிட்டு வேலூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அம்மா பீடி சுற்றுகிறார். தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கில் 80,000 ரூபாய் வைத்திருக்கிறார். ஆனால் வீட்டு ஓடு மாற்ற 60,000 தேவைப்பட்டபோது அதைத் தொடாமல், கழுத்துச் சங்கிலியை ஒன்றரை வட்டிக்கு அடகு வைத்தார். ஒரு வருடமாக வட்டி கட்டுகிறார். கூடவே பக்கத்துத் தெரு அக்காவிடம் மாதம் 3,000 ரூபாய் சீட்டு. பொங்கலுக்கு வந்த சித்தப்பா கைமாற்றாகக் கொஞ்சம் பணம் கேட்டபோது, "நகையே அடகுல கிடக்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறையும் என்று கத்திரிக்காய் வாங்க உழவர் சந்தை வரை போகிறவர், வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் வட்டி அழுகிறார். சேமிப்பை எடுத்து நகையை மீட்கலாமே என்றால், "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறார். அதிகம் படிக்காதவர் என்பதால் கணக்குப் புரியவில்லையா? எப்படிப் புரியவைப்பது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், குடியாத்தம்

பதில்: தம்பி, உங்கள் கணக்கு சரிதான். அதை முழுசாகப் போட்டுப் பார்த்துவிடுவோம். 60,000 ரூபாய்க்கு ஒன்றரை வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் என்றால் மாதம் 900, வருடம் 10,800. அதே 60,000 தபால் அலுவலகத்தில் 4 சதவீத வட்டியில் வருடத்துக்கு 2,400 கொடுக்கிறது. கழித்தால் நஷ்டம் வருடம் 8,400, மாதம் 700.

இது அம்மாவுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, இந்த வாரம் எத்தனை பீடியைக் கழித்துவிட்டார்கள், இலை எவ்வளவு குறைந்தது என்று வாராவாரம் கணக்குப் பார்ப்பவர் அவர். மாதம் 900 ரூபாய் கையை விட்டுப் போவது அவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தே கொடுக்கிறார் என்றால், அந்தப் பணத்துக்கு ஏதோ ஒன்று அவருக்குக் கிடைக்கிறது என்று பொருள். அது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை. புரியவைப்பதெல்லாம் அப்புறம்.

பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சித்தப்பாவிடம் அம்மா சொன்ன அந்த ஒரு வரியை மறுபடி படித்துப் பாருங்கள். சங்கிலி கழுத்தில் இருந்திருந்தால் அதைச் சொல்லியிருக்க முடியுமா?

ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டின் கடன் கூட்டுறவுச் சங்கங்களை ஆராய்ந்த பாலாண்ட், கிர்க்கிங்கர், மாலி என்ற மூன்று பொருளியலாளர்கள் இதே விஷயத்தைத்தான் பார்த்தார்கள். சங்கத்தில் போதுமான சேமிப்பு வைத்திருந்த உறுப்பினர்களே, அதை எடுக்காமல் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார்கள். கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் உங்களைப் போலத்தான் யாரும் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் அவர்களிடமே பேசியபோது காரணம் வந்தது. கடன்காரர் என்று பெயர் இருந்தால், உதவி கேட்டு வரும் உறவுக்காரர்களிடம் "என்னிடமே இல்லை" என்று சொல்ல முடிகிறது. சேமிப்பு யார் கண்ணிலும் படாமல் அப்படியே இருக்கிறது. 2011-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, அவர்கள் கட்டிய வட்டி என்பது உறவைப் பகைத்துக்கொள்ளாமல் பணத்தைக் காப்பாற்றக் கொடுத்த விலை.

உங்கள் அம்மாவின் நிலைமை எனக்கு அப்படித்தான் தெரிகிறது. கையில் பணம் இருக்கிறது என்று தெரிந்தால் கேட்பார்கள். கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுத்தால் எப்போது திரும்பும் என்று கேட்க முடியாது. இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு பெண் தன் சேமிப்பைக் காப்பாற்ற வேண்டும் என்றால், வெறும் கழுத்து அவருக்குப் பெரிய பாதுகாப்பு.

இதை வைத்துச் சித்தப்பாவைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். உறவினரிடம் கேட்பதும் கொடுப்பதும் நம் பக்கத்தில் பேராசையால் வந்த பழக்கம் இல்லை. ஏரியையும் கிணற்றையும் நம்பிப் பயிர் வைத்த வட ஆற்காட்டில் மழை பொய்த்தால் எந்தக் காப்பீட்டு நிறுவனம் வந்து கொடுத்தது? பங்காளியும் சம்பந்தியும்தான் கொடுத்தார்கள். மார்க் ரோசன்ஸ்வெய்க், ஓடெட் ஸ்டார்க் என்ற இருவர் தென்னிந்தியாவையும் ஒட்டிய பகுதிகளையும் சேர்ந்த வறண்ட கிராமங்களின் கணக்கை வைத்து 1989-ல் ஒன்றைக் காட்டினார்கள். பெண்ணைத் தொலைவில் உள்ள ஊரில் கொடுத்த குடும்பங்களில், விளைச்சல் ஏறி இறங்கினாலும் சாப்பாட்டுச் செலவு அந்த அளவுக்கு ஆடவில்லை. இங்கே மழை இல்லாத வருடம் சம்பந்தி ஊரில் பெய்திருக்கும். வருமானம் அதிகமாக ஆடும் குடும்பங்கள்தான் கூடுதல் தொலைவில் பெண் கொடுத்தன என்பதும் தெரிந்தது. "ஒரே ஊர்ல ரெண்டு பொண்ணு குடுக்காதே" என்று பாட்டிமார்கள் சொல்வதில் இந்தக் கணக்கும் ஒளிந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு எண்ணம். ஆகவே அம்மாவால் உறவை அறுத்துவிடவும் முடியாது. கேட்ட போதெல்லாம் கொடுக்கவும் முடியாது. முகம் முறியாமல் மறுக்க ஒரு வழி வேண்டும். அதை அவரே கண்டுபிடித்திருக்கிறார்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். அந்த 80,000 ரூபாய்க்கு அம்மா மனதில் ஒரு பெயர் வைத்திருப்பார். உங்கள் கல்யாணமாக இருக்கலாம், நடுராத்திரியில் ஆட்டோ பிடித்து வேலூர் சி.எம்.சி.க்கு ஓட வேண்டிய அவசரமாக இருக்கலாம். ஒரு ரூபாய் எந்தப் பையில் இருந்தாலும் ஒரு ரூபாய்தான் என்று பாடப்புத்தகம் சொல்லும். மனிதர்கள் அப்படி நடப்பதில்லை, மனதுக்குள் தனித்தனிப் பெட்டி வைத்துக்கொள்கிறார்கள் என்று விளக்கியவர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் தேலர். 2017-ல் பொருளியல் நோபல் பரிசு பெற்றவர். இந்தப் பெட்டிகளால் பயன் உண்டு. சேமிப்பை எடுத்து ஓடு மாற்றியிருந்தால், அந்த 60,000-ஐத் திரும்பக் கட்டச் சொல்லி யாரும் அம்மாவைக் கேட்க மாட்டார்கள். அடகுக் கடைக்காரர் கேட்பார், கேட்டும் பதில் இல்லையென்றால் ஏலம் என்று நோட்டீஸ் விடுவார். அந்தப் பயத்தில் எப்படியாவது நகையை மீட்டுவிடுவார்கள். சேமிப்பும் குறையாது, கொஞ்ச நாளில் நகையும் திரும்பிவிடும். மாதம் 700 ரூபாயில் இந்தக் கட்டாயத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

சீட்டுக்கும் இதே கதைதான். மாதம் 3,000 ரூபாயை அம்மா தானாகத் தபால் அலுவலகத்தில் போடலாமே என்பீர்கள். ஒரு மாதம் மருந்துச் செலவு வரும், அடுத்த மாதம் விசேஷம் வரும், நின்றுவிடும். சீட்டு நிற்காது, மற்ற பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அது மட்டுமில்லை. பத்துப் பெண்கள் தலைக்கு 3,000 போட்டுக் குலுக்கினால், முதல் மாதமே ஒருத்தி கையில் 30,000 வருகிறது. தனியாகச் சேர்த்திருந்தால் பத்துப் பேரும் பத்தாவது மாதம் வரை காத்திருக்க வேண்டும். சீட்டில் கடைசியாக எடுப்பவர் மட்டும்தான் அவ்வளவு நாள் காத்திருக்கிறார். மற்ற ஒன்பது பேருக்கும் தையல் மெஷினோ கிரைண்டரோ முன்னதாகவே வந்துவிடுகிறது. பெஸ்லி, கோட், லவுரி என்ற மூவர் 1993-ல் எழுதிய ஆய்வின் அடிப்படை இந்த எளிய கணக்குதான். நம் ஊர்ப் பெண்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைக் கேட்க வேண்டும், கோபப்படாதீர்கள். கடிதத்தில் அம்மா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார், பக்கத்துத் தெரு அக்கா இருக்கிறார். அப்பாவைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கென்யாவின் நைரோபி நகரில் கிபெரா என்ற குடிசைப் பகுதியில் சீட்டில் சேர்ந்தவர்களை ஆண்டர்சன், பாலாண்ட் இருவரும் ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள், அதிலும் கணவனோடு வாழ்ந்துகொண்டு தனக்கென்று சம்பாத்தியம் உள்ளவர்கள். வீட்டில் பணம் இருந்தால் கணவர் எடுத்துச் செலவழித்துவிடுவார் என்பதால் அதைச் சீட்டில் வெளியே வைத்தார்கள் என்பது அவர்கள் வந்த முடிவு. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்குச் சொல்ல முடியாத காரணம் ஏதாவது இருந்தால், "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்பதைத் தவிர வேறு எதைத்தான் அவர் சொல்வார்? தனியாக இருக்கும்போது மெதுவாகக் கேளுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

கத்திரிக்காய் விஷயத்தில் அம்மாவுக்கு உலகம் முழுக்கத் துணை இருக்கிறது. டேனியல் கானமன், ஏமாஸ் டுவெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1981-ல் ஒரு கேள்வி கேட்டார்கள். 15 டாலர் கால்குலேட்டர் இருபது நிமிடத் தொலைவில் உள்ள இன்னொரு கடையில் 5 டாலர் குறைவு என்றால் போவீர்களா? 68 சதவீதம் பேர் போவோம் என்றார்கள். அதே 5 டாலர் 125 டாலர் கால்குலேட்டரில் குறையும் என்றபோது 29 சதவீதம் பேர்தான் போவோம் என்றார்கள். மிச்சம் அதே 5 டாலர், தொலைவும் அதே தொலைவு. பத்து ரூபாய் கத்திரிக்காயில் பெரிதாகத் தெரியும், நகைக் கடைச் சேதாரத்தில் கண்ணிலேயே படாது. இதில் படிப்புக்கு வேலையே இல்லை, உங்களுக்கும் எனக்கும் அதே கண்தான். அப்புறம் டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கு 2021-லிருந்து டிக்கெட் இல்லை. நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றும் ஒருவருக்குச் சந்தை வரை போய்வருவது, நான்கு பேரைப் பார்த்துப் பேசுவது, அதுவும் ஒரு வரவு. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைத்தால் இன்னும் நல்லது. அதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

பேசுவதற்கு நேரம் பாருங்கள். மாதக் கடைசியில், சீட்டுப் பணமும் வட்டியும் ஒன்றாக நெருக்கும்போது வேண்டாம். இதற்கு நம் மண்ணிலேயே ஆதாரம் இருக்கிறது. 1989 வரை வட ஆற்காட்டோடு இருந்த திருவண்ணாமலையிலும், விழுப்புரத்திலும் 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட குழு ஆராய்ந்தது. 2013-ல் முடிவு வெளியானது. அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் ஏதாவது பொருளை அடகு வைத்திருந்தார்கள், பின்னால் 4 பேர்தான். யோசித்து விடை சொல்லும் சோதனையை இரண்டு முறையும் அதே விவசாயிகளுக்குக் கொடுத்தபோது, பணம் வந்தபின் தெளிவாகச் செய்தார்கள். அறிவு மூன்று நான்கு மாதத்தில் வளர்ந்துவிடவில்லை. நெருக்கடி பாதி மனதைப் பிடித்து வைத்திருந்தது, அது விலகியது. அம்மாவுக்கும் அப்படி ஒரு நல்ல நேரம் இருக்கும். போனஸ் வந்த வாரமாக இருக்கலாம், சீட்டு எடுத்த மாதமாக இருக்கலாம்.

அப்போதும் "சேமிப்பை எடுத்து நகையை மீட்டுவிடு" என்று சொல்லாதீர்கள். அவர் வாங்கும் பாதுகாப்பை அப்படியே வைத்துக்கொண்டு விலையை மட்டும் குறையுங்கள். நகைக் கடனை வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ மாற்றுங்கள். வங்கியில் மாதத்துக்கு ஒரு ரூபாய் வட்டிக்கும் குறைவாகவே கிடைக்கும். ஒரு ரூபாய் என்றே வைத்தாலும் 700 ரூபாய் செலவு 400 ஆகிறது. நகை அடகில்தான் இருக்கும், சித்தப்பாவிடம் சொன்னதும் பொய்யாகாது. மாற்றும் அன்று பழைய கடனை அடைக்க ஒரே தவணையில் 60,000 வேண்டும். அதை நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள், அம்மாவின் கணக்கில் கை வைக்காமல். சேமிப்பில் உடனே தேவைப்படாத பகுதியை அம்மாவின் பெயரிலேயே தபால் அலுவலகக் கால வைப்பில் போட்டால் வட்டி கூடும், கேட்பவர்களிடம் "வைப்பில் போட்டிருக்கேன், இப்ப எடுத்தா நஷ்டம்" என்று உண்மையாகவே சொல்லலாம்.

என் கவலையெல்லாம் அந்தச் சீட்டைப் பற்றித்தான். நீங்கள் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். வட்டியில் போவது மாதம் 700, சீட்டில் போனால் மொத்தமும் போகும். தீபாவளிச் சீட்டு என்றும், மாதா மாதம் கொழுத்த வட்டி என்றும் நம் வட மாவட்டங்களில் பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்தவர்களால் எத்தனை வீடுகள் அழுதன என்று உங்களுக்கே தெரியும். 1982-ம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்ய வேண்டும். நடத்துபவர் சீட்டுத் தொகைக்குச் சமமான பிணையம் கட்ட வேண்டும். அவர் எடுக்கும் கமிஷன், 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பக்கத்துத் தெரு அக்கா நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பாதியில் யாராவது கட்டாமல் போனால் அவரால் ஈடுகட்ட முடியுமா? எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள், இதுவரை யார் யார் எடுத்தார்கள், கட்டிய பணத்துக்கு ஏதாவது ஒரு நோட்டில் கையெழுத்து இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். குலுக்கல் அன்று நீங்களும் கூடப் போய் உட்காருங்கள். கையெழுத்து இல்லையென்றால், இந்த மாதத் தவணையிலிருந்தே ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடுத்துத் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். இந்தச் சீட்டு முடிந்த பிறகு, பதிவு செய்த சீட்டிலோ மகளிர் சுயஉதவிக் குழுவிலோ அம்மாவைச் சேர்த்துவிடுங்கள்.