பக்கத்துக் கூண்டு

வாசகர் கடிதம்:

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருமங்கலம் பக்கம் எங்கள் ஊர். மதுரையில் எம்.ஃபார்ம் மருந்தியல் படிக்கிறேன். பள்ளிக்காலத்திலிருந்தே உங்களை வாசித்து வருகிறேன். நான் எழுதிய அறிவியல் புனைகதை ஒன்றை இணைத்திருக்கிறேன். நாகமலை அடிவாரத்தில் ஒரு பெண்ணை வேற்றுக்கிரகவாசிகள் இரவோடு இரவாகத் தூக்கிப் போகிறார்கள். கூண்டில் அடைத்து ஊசி போடுகிறார்கள், அளக்கிறார்கள். அவள் கூண்டுக் கம்பியில் பகா எண்களைத் தட்டுகிறாள்: இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு. இவள் அறிவுள்ள உயிர் என்று அவர்களுக்குப் புரிகிறது. மன்னிப்புக் கேட்டு, எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து விடுகிறார்கள்.

கதையை முடித்த மறுநாள் ஆய்வகத்தில் எலிக்கு ஊசி போடும்போது கை நடுங்கியது. நான்தான் அந்த வேற்றுக்கிரகவாசியா? கூடப் படிப்பவர்கள் சிரிக்கிறார்கள். எலிக்கு நம்மைப் போல வலி தெரியாது என்கிறார் ஓர் ஆசிரியர். சோவியத் யூனியன் விண்வெளிக்கு அனுப்பிய நாய் லைக்காவைப் பற்றிப் படித்துவிட்டு ஓர் இரவு முழுக்க அழுதேன். கணினியும் செயற்கைத் திசுவும் வந்தபின் விலங்குச் சோதனை நின்றுவிடுமா? நீங்கள் அசைவம் சாப்பிடுவீர்களா? நான் இந்தப் படிப்பைத் தொடரலாமா? கதையின் முடிவு சரியா?

(பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் எட்கர் தர்ஸ்டனைத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில் கதை. நடை நன்றாக இருக்கிறது. அந்தப் பெண் கம்பியைத் தட்டும் இடத்தில் எனக்கும் மூச்சு அடைத்தது. ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பக்கத்துக் கூண்டில் பல கால்கள் கொண்ட ஏதோ ஒன்று இரவெல்லாம் முனகிக்கொண்டிருந்தது." அதோடு சரி. அப்புறம் அது கதையில் வரவே இல்லை. கதாநாயகி விடுதலையாகி நாகமலைக் காற்றை ஆழ இழுத்து மூச்சுவிடுகிறாள். ஏம்மா, அந்தப் பல கால் பிராணி என்ன ஆயிற்று? அதற்குப் பகா எண் தெரியாது, அதனால் அது அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டீர்களா? எழுதிய உங்களுக்கே அது ஞாபகமில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

இது நீங்கள் மட்டும் செய்வதில்லை. வேற்றுக்கிரகச் சிறைக் கதைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் முடிகின்றன. அடைபட்டவன் தன் அறிவை நிரூபிக்கிறான், கதவு திறக்கிறது. வாசகனுக்கும் நிம்மதி. எதை ஒப்புக்கொண்டு அந்த நிம்மதி வருகிறது என்று பாருங்கள். கூண்டு இருப்பது சரி, ஊசி போடுவது சரி, ஆள் மாறிப்போனதுதான் தப்பு. இதைத்தான் அந்த முடிவு சொல்கிறது. தேர்வு வைப்பவனும் அடைத்தவனே, மதிப்பெண் போடுபவனும் அவனே. தேறியவன் வெளியே வந்து, அவனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறான்.

பியர் பூலின் குரங்குக் கிரக நாவல் 1963-இல் வந்தது. அதிலும் கதாநாயகன் கூண்டுக்குள் இருந்துகொண்டு, ஆராய்ச்சி செய்யும் சிம்பன்சிப் பெண்ணின் குறிப்பேட்டில் வடிவியல் படம் வரைந்துதான் தன்னை யாரென்று காட்டுகிறான். ஆனால் பூல் அங்கே நிறுத்திக்கொள்ளவில்லை. அவன் வெளியே வந்தபிறகும் மற்ற மனிதர்கள் கூண்டிலேயே இருக்கிறார்கள். அவர்கள் மூளையைத் திறந்து சோதனை நடக்கும் அறைக்கு அவனையே கூட்டிப்போய் நிறுத்துகிறார். விடுதலையானவன் அதைப் பார்த்தாக வேண்டும். உங்கள் கதாநாயகி பார்க்கவில்லை.

இப்போது தர்ஸ்டன். 1885-இலிருந்து 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஆங்கிலேயர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் 1909-இல் வெளியிட்டவர். அளவுகருவிகளோடு ஊர் ஊராகப் போய் மூக்கின் நீளம், அகலம், தலையின் நீளம், அகலம் எல்லாம் அளந்தார். வயநாட்டில் அவர் வந்து நின்றதைப் பார்த்ததும் பணியர் என்ற பழங்குடிப் பெண்கள் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல உடல்வாகு உள்ளவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கத்தான் இவர் வந்திருக்கிறார் என்று நினைத்தார்களாம். இதை எழுதி வைத்திருப்பவர் தர்ஸ்டனேதான்.

இந்த இடத்தை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. நம் மண்ணில் நடந்த வேற்றுக்கிரகச் சிறைக் கதை இது. சொல்பவர் வேற்றுக்கிரகவாசி. அதே காலத்தில், 1898-இல், இங்கிலாந்தில் எச்.ஜி. வெல்ஸின் செவ்வாய்ப் படையெடுப்பு நாவல் வருகிறது. ஒரு சொட்டு நீரில் நெளியும் உயிர்களை நுண்ணோக்கியில் பார்ப்பதுபோல மனிதர்களை யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தொடங்குகிறார். டாஸ்மேனிய மக்களை ஐரோப்பியர் அழித்ததை முதல் அத்தியாயத்திலேயே சொல்லி, செவ்வாய்க்காரர்கள் அதே மனத்தோடு வந்தால் குறைசொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்று கேட்கிறார். இந்த வகைக் கதைகளின் வேர் அங்கே இருக்கிறது.

உங்களுக்கு இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் உசிலம்பட்டிப் பக்கம் போய்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று ஆங்கிலேயர் பதிந்துவைத்த குற்றப்பரம்பரைச் சட்டத்தை அங்கே ரேகைச் சட்டம் என்பார்கள். குற்றம் செய்யாதவனும் கைரேகை பதிய வேண்டும், ராத்திரி போலீசின் கண்பார்வையில் போய்ப் படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் செத்தார்கள். மனிதர்களையும் எலிகளையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் சொல்வது அடைத்தவனைப் பற்றி. நீ கெட்டவன் இல்லை என்று நீயே நிரூபி, நீ அறிவுள்ளவன் என்று நீயே நிரூபி, அதுவரை உள்ளே இரு என்கிற அந்தக் குரல் எல்லா இடத்திலும் ஒன்றுதான். நிரூபிக்க வேண்டியவன் சாவியைக் கையில் வைத்திருப்பவன். இவ்வளவு வலியை இன்னொரு உயிருக்கு ஏன் கொடுக்கிறேன், வேறு வழி ஏன் இல்லை என்று அவன்தான் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லியாக வேண்டும்.

லைக்காவுக்காக அழுதது நல்லதுதான். 1957 நவம்பர் 3 அன்று அனுப்பினார்கள், சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் இறந்துபோனது, அது உலகத்துக்குத் தெரிந்தது 2002-இல். ஆனால் லைக்காவுக்குப் பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது. உங்கள் ஆய்வகத்து எலிக்கு முதுகிலோ வாலிலோ பிக்ரிக் அமிலத்தில் தொட்டுவைத்த மஞ்சள் அடையாளம் மட்டும்தான். அழுகையை அதற்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

உங்கள் ஆசிரியர் சொன்னதற்கு வருகிறேன். எலிக்கு நம்மைப் போல வலி தெரியாதாம். அப்படியானால் உங்கள் ஆய்வகத்தில் அந்தச் சூட்டுத் தட்டு எதற்காக இருக்கிறது? 55 டிகிரி வெப்பத்தில் தட்டு. எலியை அதன்மேல் விடுகிறீர்கள். எத்தனை விநாடியில் பாதத்தை நக்குகிறது, எப்போது துள்ளுகிறது என்று ஸ்டாப் வாட்ச்சில் பார்க்கிறீர்கள். வலி நிவாரணி கொடுத்த எலி கூடுதல் நேரம் தாங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று எழுதுகிறீர்கள். எலிக்கு வலி தெரியாது என்றால் அந்த அளவீடு முழுக்கப் பொய். எலியின் வலி நம் வலி போன்றது என்பதால்தானே நம் தலைவலி மாத்திரையை அதனிடம் சோதிக்கிறோம்? ஆய்வேடு எழுதும்போது ஒப்புமை வேண்டும், மனசாட்சி உறுத்தும்போது மட்டும் ஒப்புமை வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்? அவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் கேளுங்கள்.

என் அப்பா மதுரையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் அட்டெண்டராக இருந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சோழவந்தான் பக்கத்து வயல்களில் ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பிடித்த தவளைகள் ஈரச் சாக்கில் வரும். துறைக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டியில் அவற்றை விடுவது, தண்ணீர் மாற்றுவது, செய்முறை வகுப்பன்று குளோரோஃபார்ம் ஜாடியில் போடுவது எல்லாம் அவர் வேலை. விடுமுறை நாட்களில் என்னையும் கூட்டிப் போவார். ஜாடியிலிருந்து எடுத்த தவளையை அவர் உடனே மெழுகுத் தட்டில் வைத்துக் கொடுக்கமாட்டார். உள்ளங்கையில் மல்லாத்தி வைத்து, பஞ்சை நூல்போலத் திரித்து, நனைத்து, அதன் நுனியால் கண்ணை மெல்லத் தொடுவார். இமை அசைந்தால் திரும்ப ஜாடிக்குள். பையன்கள் வரிசையில் நின்று, "அண்ணே, நேரமாச்சுண்ணே, ரெக்கார்டு முடிக்கணும்ணே" என்பார்கள். "கண்ணு இன்னும் பேசுதுடா, பொறு" என்பார். ஒருமுறை விரிவுரையாளரே வந்து சத்தம் போட்டார். அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பஞ்சு நனைத்துக்கொண்டிருந்தார். தவளைக்கு அறிவு உண்டா என்று அவர் ஒருநாளும் யோசித்திருக்கமாட்டார். அதற்குத் தேர்வு எதுவும் வைக்கவில்லை. தான் செய்ய வேண்டியது என்ன என்று மட்டும் தெரிந்திருந்தது. 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கறுப்பை நிறுத்தச் சொன்ன செய்தியை வாசித்தபோது அப்பா இல்லையே என்று இருந்தது.

அப்பாவின் பஞ்சு நுனியில் இருந்ததைச் சட்டத்தில் எழுத வைத்தவரும் மதுரைக்காரர். ருக்மிணி தேவி அருண்டேல் 1904-இல் இங்கே பிறந்தவர். எல்லோருக்கும் அவரைக் கலாக்ஷேத்ராவோடுதான் தெரியும். மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தபோது விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் வந்தது. அதன் 14-ஆவது பிரிவு, உயிர் காக்கவும் நோய் தீர்க்கவும் நடக்கும் சோதனையைக் குற்றம் என்று சொல்லவில்லை. அடுத்து வரும் பிரிவுகள் கட்டுப்பாடு போடுகின்றன. தவிர்க்க முடிந்தால் தவிர், வலிக்காமல் மயக்கமருந்து கொடு, சின்ன விலங்கில் முடிகிற வேலைக்குப் பெரிய விலங்கைத் தொடாதே. உங்கள் கல்லூரியின் விலங்கு நெறிக்குழு இந்தச் சட்டத்தின் வழிவந்தது. அறிவியல்துறை சாராத ஒருவரும் அந்தக் குழுவில் இருந்தாக வேண்டும். அவர் யார் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் வயதுக்காரர்களின் ஒவ்வொரு வகுப்பிலும் காலில் இரும்புச் சட்டம் மாட்டிய பிள்ளை ஒன்று இருக்கும். 1955-இல் வந்த சால்க் போலியோ தடுப்பூசிக்கான வைரஸைக் குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில்தான் வளர்த்தார்கள். அந்தக் குரங்குகள் ஆயிரக்கணக்கில் இந்தியாவிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் போனவை. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டு வைரஸால், அதாவது இயற்கையில் பரவும் வைரஸால், போலியோ யாருக்கும் வரவில்லை. நாம் பட்டிருக்கும் கடன் அது. மருத்துவத்துக்கு மட்டும் என்று வாங்கிப்போன குரங்குகளை அமெரிக்க ராணுவம் கதிர்வீச்சுச் சோதனைக்குப் பயன்படுத்தியது தெரிந்து, 1978-இல் மொரார்ஜி தேசாய் அரசு ஏற்றுமதியையே நிறுத்தியது. இந்த இரண்டு செய்திகளையும் ஒருசேர மனதில் வைத்திருக்கத் தெரியாதவர்கள் இந்த விஷயத்தில் பேசக் கூடாது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு கத்துகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

மற்ற கேள்விகள். கணினியும் செயற்கைத் திசுவும் விலங்குகளின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கும். 2023-இல் நம் மருந்துச் சோதனை விதிகளிலும் அதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள். அது வரும்வரை எலியின் பாதம் சுடும், அதனால் அதையே சாக்காக வைக்காதீர்கள். நான் அசைவமா என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லாத கேள்வி. நீங்கள்தான் வேற்றுக்கிரகவாசியா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், நீங்களும் நானும்தான். மாத்திரை விழுங்குகிற ஒவ்வொருவரும்தான். அதற்காகப் படிப்பை விடாதீர்கள். கை நடுங்குகிறவள் வெளியேறிவிட்டால் நடுங்காத கைகள் மட்டும்தானே ஆய்வகத்தில் மிஞ்சும்?

உங்கள் ஆய்வுத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு குழுவுக்கு ஆறு எலி என்று போட்டிருந்தால் ஏன் ஆறு என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். போன வருட மாணவர் போட்டார், அதனால் நானும் போட்டேன் என்பது பதில் ஆகாது. சூட்டுத் தட்டில் எலி எதுவும் செய்யாமல் நின்றால் எத்தனையாவது விநாடியில் எடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பொதுவாக 15 விநாடி வைப்பார்கள். உங்கள் திட்டத்தில் இல்லையென்றால் எழுதவையுங்கள். சோதனை முடிந்தபின் அந்த எலிகளை யார், எப்படி, எந்த மருந்தால் கொல்கிறார்கள் என்பதையும் கூட நின்று பாருங்கள். அதை அட்டெண்டர் தலையில் கட்டிவிட்டு கேன்டீனுக்குப் போகாதீர்கள்.

கதையை மூன்றாம் பக்கத்திலிருந்து திரும்ப எழுதுங்கள். பகா எண் இருக்கட்டும், கதவும் திறக்கட்டும். திறந்த கதவு வழியாக அவள் முதலில் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்பதை மட்டும் மாற்றி எழுதி அனுப்புங்கள்.