மஞ்சள் தூள் கிடைத்தது, வேலை செய்யவில்லையே?

முதுகலை ஆய்வு மாணவர் ஒருவரின் கேள்வி: "யூரியாவை மூடாத மூசையில் 550 டிகிரியில் சூடாக்கினேன், ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சவில்லை. மெலமினில் செய்தபோது மஞ்சள் தூள் நிறையக் கிடைத்தது, ஆனால் ஒளியில் வைத்துச் சோதித்தால் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தின் நிறம் லேசாகத்தான் குறைகிறது. எங்கே தவறு? உலோகமே இல்லாமல் இது வினையூக்கியாக வேலை செய்யுமா?"

நீங்கள் செய்ய முயல்வது கிராஃபிடிக் கார்பன் நைட்ரைடு: பெரும்பாலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்து அடுக்கடுக்கான தாள்களாக அமைந்த, ஒளி பட்டால் வினையூக்கியாகும் மஞ்சள் தூள். முதலில் மூடி. யூரியாவோ மெலமினோ சூடேறும்போது அம்மோனியாவை விட்டுக்கொண்டே ஒன்றோடொன்று இணைகிறது. மூடாவிட்டால், இணைய வேண்டிய இடைப்பொருள்களே ஆவியாகிப் போய்விடும். மூடியை மேலே வைத்தால் போதும், இறுக்க வேண்டாம். வாயு வெளியேற வழி வேண்டும். நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் ஏற்றி, 550-இல் 4 மணி நேரம் வையுங்கள். 600-ஐத் தாண்டினால் பொருளே சிதையத் தொடங்கும், 700-க்குள் மூசை காலியாகிவிடும். உலையைப் புகைபோக்கியின் கீழ் வைக்காமல் இதைச் செய்யவே செய்யாதீர்கள். அம்மோனியாவோடு ஐசோசயனிக் அமிலமும் வரும்.

மூடினாலும் 100 கிராம் யூரியாவுக்குச் சில கிராம்தான் தேறும். அதை நஷ்டமாக நினைக்க வேண்டாம். வெளியேறும் வாயுக்கள்தான் தாள்களை மெல்லியதாகவும் துளைகள் நிறைந்ததாகவும் ஆக்குகின்றன. மெலமினில் பாதி எடை மிஞ்சலாம், ஆனால் அடுக்குகள் நெருங்கிப் படிந்த கட்டித் தூள் அது. புறப்பரப்பு கிராமுக்கு 10 சதுர மீட்டர் அளவில்தான் இருக்கும். உங்கள் வினை மந்தமாக இருப்பதற்கு முதல் காரணமாக இதைத்தான் சந்தேகிப்பேன். அந்தத் தூளை நன்றாக அரைத்து, அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி, இந்தமுறை மூடாமல், 500 டிகிரியில் 2 மணி நேரம் காற்றில் சூடாக்குங்கள். நிறம் வெளிறும், எடை நிறையக் குறையும், ஆனால் அடுக்குகள் பிரிந்து புறப்பரப்பு பல மடங்கு கூடும். சிலிக்கா அச்சு வைத்துத் துளை உண்டாக்கும் முறையும் உண்டு. அச்சைக் கரைக்க ஆபத்தான ஃபுளூரைடு தேவைப்படும் என்பதால் தொடக்கத்திலேயே அதில் இறங்க வேண்டாம்.

தூள் சரியானதா என்று எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் பாருங்கள். 27.4 டிகிரி கோணத்தின் அருகே வலுவான முகடும் (அடுக்குகளுக்கு இடையேயான தொலைவு), 13 அருகே சிறிய முகடும் வர வேண்டும். மஞ்சள் நிறம் மட்டும் சான்றாகாது.

அடுத்தது சோதனை முறை. மெத்திலீன் நீலம் தானே ஒளியை உறிஞ்சித் தானே சிதையக்கூடியது, தூளின் மேல் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். அதனால் விளக்கைப் போடுவதற்கு முன் இருட்டில் 30 நிமிடம் கலக்குங்கள். தூள் இல்லாமல் ஒளி மட்டும் பட்ட கரைசலையும் அளந்து ஒப்பிடுங்கள். அப்புறம் ஃபீனால் போன்ற நிறமற்ற பொருளிலும் சோதியுங்கள். என்னைக் கேட்டால், அதில் வரும் முடிவைத்தான் நம்புவேன். விளக்கையும் பாருங்கள்: கார்பன் நைட்ரைடின் பட்டை இடைவெளி (எலக்ட்ரானைக் கிளர்த்தத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) 2.7 எலக்ட்ரான் வோல்ட், ஆகவே சுமார் 460 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீள ஒளியால் பெரிதாகப் பயனில்லை.

சரி, உலோகம் இல்லாமல் முடியுமா? எந்த வினை என்பதைப் பொறுத்தது. 2009-இல் வாங், அன்டோனியெட்டி ஆகிய வேதியியலாளர்களின் குழு இதைக் கொண்டு நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்துக் காட்டியபின்தான் இவ்வளவு பேர் இதன் பக்கம் திரும்பினார்கள். ஆனால் ஹைட்ரஜன் வேகமாக வர வேண்டுமானால் கொஞ்சம் பிளாட்டினம் ஏற்ற வேண்டியிருக்கிறது. அப்படி ஏற்றினால் அதை உலோகமற்றது என்று எழுதாதீர்கள். உண்மையிலேயே உலோகம் தேவைப்படாத இடங்கள் வேறு. விளிம்புகளில் உள்ள அமினோ தொகுதிகள் காரங்களாகச் செயல்படுவதால் நோவெனாகல் வினை (ஆல்டிஹைடை இன்னொரு கரிமச் சேர்மத்தோடு இணைப்பது) நடக்கும். ஆக்ஸிஜனும் ஒளியும் இருந்தால் பென்சைல் ஆல்கஹாலை பென்சால்டிஹைடாக மாற்றலாம், ஹைட்ரஜன் பெராக்சைடும் தயாரிக்கலாம்.

இந்தத் தூளில் ஒளியால் கிளர்ந்த எலக்ட்ரான், ஆக்ஸிஜனைச் சூப்பராக்சைடு என்ற வினைத்திறன் மிக்க வடிவமாக்கும் அளவுக்கு வலுவானது. எலக்ட்ரான் விட்டுப்போகும் நேர்மின் துளைக்கோ (காலியிடத்துக்கோ), ஹைட்ராக்சைடை நேரடியாக ஹைட்ராக்சில் ரேடிக்கலாக்கும் வலு போதாது. எனவே உங்கள் கரைசலில் காற்றைத் தொடர்ந்து செலுத்திப் பாருங்கள், பிறகு நைட்ரஜன் செலுத்தி அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். நைட்ரஜனில் வேகம் விழுந்தால், ஆக்ஸிஜன் வழியாகத்தான் வினை நடக்கிறது என்று கொள்ளலாம்.